அப்பாவின் ஸ்கோர்

"பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுதான் சார் என் கன்ட்ரோலர். அமுக்கினா பறவை பறக்கும்" என்றான் மகன். வீடியோ கேம் விருதுக் குழுவினர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

கட்டிலில் அப்பா. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும்தான் மிச்சம். அந்தக் கையில் வயர் கோத்த ஸ்பாஞ்ச். எதிரே திரையில் பறவை.

அப்பா அமுக்கினார். பறவை எழும்பியது.

"காலையிலேர்ந்து விடாம ஆடுறார் சார். சின்னப் புள்ள தோத்துடும்!"

"முகத்துல என்ன ஒரு தீவிரம்!" என்று குழுத் தலைவர் உருகினார். "தம்பி, நீங்க விளையாட்டு செய்யல. இவருக்கு ஒரு குரலே குடுத்திருக்கீங்க."

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு படபடவென்று அமுக்கினார். பறவை மேகத்தைத் தாண்டியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

சத்தம் கேட்டு அம்மா காப்பித் தட்டோடு அடுக்களையிலிருந்து வந்தாள்.

"முழிச்சுட்டாரா? மணியே அடிக்கலையே, தூங்குறார்னுல்ல நினைச்சேன்!" என்றவள் வயரைப் பார்த்தாள். "ஏண்டா, இதை அடுக்களை மணியிலேர்ந்து கழட்டிட்டியா? பாத்ரூம் போகணும்னா இதை அமுக்கித்தானேடா என்னைக் கூப்பிடுவார்?"



தலைவர் தன் ஷூவை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கட்டிலிலிருந்து சொட்டத் தொடங்கியிருந்தது.