மூச்சுச் சத்தம் நீக்கிய பதிப்பு

பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டும் அந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு, யாரென்று தெரியாத ஒரு பெண் எப்போதோ தன் குரலைத் தந்திருந்தாள். வாக்கியங்களுக்கு நடுவே அவள் மூச்சு விடுவது கேட்கும். மென்பொருளைப் பராமரிக்கும் குமுதவல்லி, அதைக் குறையென்று நினைத்து நீக்கிப் புதிய பதிப்பை வெளியிட்டாள். மறுநாளே, அதில் கதை கேட்கும் தேவசகாயம் என்பவர் தன் குரலில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார். "அந்தம்மா மூச்சே விடாம படிக்கிறாங்க தாயி. கேக்குற எனக்கு முட்டுது. கதையைப் பாதியில நிறுத்திட்டேன்."

நீக்கிய மூச்சைத் திரும்பச் சேர்க்கப் பார்த்தாள்; அது புதிய நிரலோடு ஒட்டவில்லை. குமுதவல்லி மைக்கின் முன் அமர்ந்து, அந்தக் குரல் ஓயும் இடங்களிலெல்லாம் தானே மெல்ல மூச்சு விட்டு, சேர்த்து அனுப்பினாள். பதில் வர இரண்டு நாளானது.

"அந்தம்மா பக்கத்துல வேற யாரோ உக்காந்திருக்காங்க," என்றார் தேவசகாயம். "இருக்கட்டும் தாயி. அவங்களும் எத்தன நாளைக்குத் தனியாவே படிப்பாங்க."