கண் மூடிய படம்

அன்று வெளியே மழை பெய்ததா, இல்லை அண்ணனின் போட்டோ ஸ்டுடியோவில் பழைய மின்விசிறிதான் அப்படி இரைந்ததா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது. வெள்ளைத் திரைக்கு முன்னால் முக்காலியில் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் படம் ஒன்றுதான் பாக்கி. விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பதும் பாக்கி. போனால் ஆறு வருடம். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அண்ணன் மட்டும் இருப்பான். குடை விளக்கின் ஒளி அவள் மடியில் வழிய, தூசி அவசரமில்லாமல் மிதக்கிறது. "மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்காதே, நோயாளி பயந்து ஓடிடுவான்" என்கிறான் அண்ணன். "சிரிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?" ஒளி வெட்டுகிறது. "கண்ண மூடிட்டே. இன்னொண்ணு." மறுபடி வெட்டுகிறது. "திரும்பவும் மூடிட்டே, கழுதை." முன்கடையில் யாரோ கூப்பிட, அவன் போகிறான். அவள் எழுந்து கேமராவின் சின்னத் திரையில் படங்களைத் தள்ளிப் பார்க்கிறாள். இரண்டிலும் அவள் கண்கள் நன்றாகத் திறந்தே இருக்கின்றன. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அண்ணன் வருவதற்குள் முக்காலிக்குத் திரும்பிவிடுகிறாள். அடுத்த படத்துக்கு, அவன் விரல் அழுத்தும்போது, வேண்டுமென்றே கண்களை மூடிக்கொள்கிறாள். அவன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்க்கிறான். பிறகு, தலை நிமிராமல், "முதல்ல எடுத்ததே போதும்" என்கிறான். "அப்போ அனுப்பிடவா, அண்ணா?" "அனுப்பு."

தங்கை படித்து முடித்து அங்கேயே மருத்துவரானாள். அண்ணன் அதே கடையை நடத்துகிறான். யாரையும் ஒரே தடவையில் படம் எடுத்துவிடுகிறான்.