சகலைக்கு ஒரு கேபிள்

"பதினாறு ஸ்கொயர் தடியில ஒயர் போதும்க்கா. வெட்டுங்க."

முத்துசெல்வம் இப்படிச் சொன்னதும் ஜெபசெல்வி கையிலிருந்த கட்டரைக் கீழே வைத்துவிட்டாள். தாராவி தொண்ணூறடி ரோட்டில் வண்டி ஒயரிங் கடை வைத்திருக்கிறாள். எதற்கென்று கேட்காமல் ஒரு சாண் ஒயர்கூட வெட்ட மாட்டாள்.

"எதுக்கு தம்பி?"

"ஜீப்புல விஞ்ச் மாட்டுதேன். மழை வந்தா கிங்ஸ் சர்க்கிள் தண்ணியில காரெல்லாம் நின்னு போகும்லா. இழுத்து வெளிய போட."

"எத்தனை ஆம்பியர் எடுக்கும்?"

"நாலு டன் இழுக்கும்."

"நான் ஆம்பியர் கேட்டேன்."

"பச்சை கலர் டப்பா."

அவனிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று டப்பாவைப் பிடுங்கிப் படித்தாள்.

"முழு லோடுல நானூறு ஆம்பியர். எழுபது ஸ்கொயர் போடணும். பிளஸ்ஸுக்கும் எழுபது, எர்த்துக்கும் எழுபது."

"எங்க வீட்டு ஏசியே நாலு ஸ்கொயர்லதான் ஓடுது. குடும்பமே போர்வைக்குள்ள கெடக்கோம்."

"வீட்டுக்கு வருதது இருநூத்தி முப்பது வோல்ட். உன் பேட்டரி வெறும் பன்னெண்டு. வோல்ட் குறைஞ்சா ஆம்பியர் ஏறும். ஆம்பியர் ஏறினா ஒயர் தடியா இருக்கணும். பதினாறைப் போட்டேன்னு வையி, கார் நகருததுக்குள்ள ஒயர் உருகி உன் ஜீப்பு பத்திக்கிடும்."

"மழையில எப்படிக்கா பத்தும்?"

ஜெபசெல்விக்குத் தலை சுற்றியது. இவனைக் கட்டின கனகவள்ளி பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஓரமாகப் பழைய பேட்டரி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த காசிராஜன் தொண்டையைச் செருமினார்.

காசிராஜன் வேறு யாருமில்லை, முத்துசெல்வத்தின் சகலை. கனகவள்ளியின் அக்கா புருஷன். அவருக்கும் விஞ்ச் வைத்த ஜீப் இருக்கிறது. ரெண்டு மழைக்காலமாகக் கிங்ஸ் சர்க்கிளில் கார் இழுப்பது அவர் ஒருத்தர்தான். ஒரு காதுகுத்து பேனரில் யார் போட்டோ பெரிது என்று வந்த சண்டையில் ரெண்டு பேரும் பேசி மூன்று வருஷமாகிறது. பேசியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். இன்றைக்கு அந்த ஆள் ஜெபசெல்வி.

"செல்வி, பதினாறே ஜாஸ்தி. பத்து போட்டாலே பறக்கும்னு சொல்லு."

முத்துசெல்வம் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். "அவரு வண்டியில என்ன போட்டிருக்காருன்னு கேளுங்கக்கா."

"பத்துதான். ரெண்டு வருசமா சொகமா ஓடுதுன்னு சொல்லு."

ஜெபசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வண்டிக்கு எழுபது போட்டுக் கொடுத்ததே அவள்தான். முறைத்தாள். காசிராஜன் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"எழுபதெல்லாம் காலிபீலி பந்தான்னு சொல்லு செல்வி. பாக்கதுக்குத்தான் தடி. உள்ள ஒண்ணுமில்ல."

முத்துசெல்வம் சகலையை ஓரக்கண்ணால் பார்த்தான். ஒயர் சுருளைப் பார்த்தான். மறுபடியும் சகலையைப் பார்த்தான்.

"அக்கா, எழுபது வெட்டுங்க."

"நெசமாவா?"

"அதவிடத் தடி இருக்கா?"

"தொண்ணூத்தஞ்சு இருக்கு. ஆனா உனக்கு எழுபதே போதும்."

வெட்டின கேபிளைக் கல்யாண மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டான். சகலைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அவர் முன்னாலேயே மெதுவாக நடந்து போனான்.

அவன் தலை மறைந்ததும் ஜெபசெல்வி பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நீங்கல்லாம் மனுசந்தானா? கிங்ஸ் சர்க்கிள்ல நீங்க ஒருத்தரே இழுக்கணும்னு அவன எரிய விடப் பாத்தியளே. வயித்துல பிள்ளையோட இருக்கா உங்க கொழுந்தியா. அவ மொகமாவது ஞாபகம் வரலையா? நல்லவேளை, அவனுக்கே புத்தி வந்துச்சு."

காசிராஜன் கடைசி மடக்கையும் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"எர்த்துக்கும் எழுபதுதான வெட்டின?"

"ஆமா. அதுல உங்களுக்கு என்ன நட்டம்?"

"ஒயர் முனையில மாட்டுத லக்கை நல்லா அழுத்தி அடிச்சியா?"

"அடிச்சேன். ஏன் கேக்கிய?"

"போன மாசம் ஜீப்புக்கு நல்ல டயரு எதுன்னு ஆள் விட்டுச் சொன்னேன். மறுநாளே வழுக்கை டயரு ரெண்டு வாங்கி மாட்டினான்."

காசிராஜன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"எழுபது போடுன்னு நான் சொல்லியிருந்தா, இந்நேரம் அவன் பத்தை வாங்கிட்டுப் போயிருப்பான்."