வெள்ளை அடித்த விமானம்

தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தும் அந்த ஒற்றை எஞ்சின் விமானம் கொஞ்ச நேரம் ஓடி ஏன் அணைந்துபோகிறது என்று மெக்கானிக் அக்காவுக்குப் பிடிபடவில்லை. வயலுக்கு மருந்து தெளித்த காலத்தில் மஞ்சள், தபால் சுமந்தபோது சிவப்பு, இனி நோயாளிகளை ஏற்றப்போவதால் வெள்ளை. இத்தனை வருட உழைப்பில் அது இப்படி மக்கர் பண்ணியதே இல்லை. "ஓட்டுறவன் கைதான் சரியில்லை" என்று காலையில் முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள். ஓட்டுகிறவன் அவள் தம்பி. முதலாளி வேறு ஆள் தேடுகிறார். கொட்டகைக்குள் சாய்ந்து விழும் வெயிலில் தம்பி இறக்கைமேல் ஏறித் தொட்டி மூடியைத் திருகுகிறான். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்கிறது.

"என்னக்கா, இதுக்கும் மூச்சு முட்டுது? நீ என்னைப் பத்திப் போட்டுக்கொடுத்ததைக் கேட்டுடுச்சோ?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். அதற்காகவே இறக்கைக்கு அடியில் சிறு துளை ஒன்று உண்டு. குனிந்து தடவுகிறாள். துளையை அடைத்துக்கொண்டு விரலுக்கு வழவழவென்று தட்டுப்படுவது, போன வாரம் அவளே அடித்த வெள்ளைப் பெயின்ட். காது மடலெல்லாம் சுடுகிறது.

"என் தப்புன்னு முதலாளிகிட்ட நானே சொல்றேன்டா" என்கிறாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

ஊசியால் குத்தித் துளையைத் திறக்கிறாள். காற்று உள்ளே போகிறது, பெட்ரோல் இறங்குகிறது, எஞ்சின் அணையாமல் ஓடுகிறது.