மூன்றுதரம் வடிகட்டிய சாறு

சுடலைமுத்துவின் உணவுக்குழாயைப் புற்றுக்கட்டி முழுதாக அடைத்துவிட்டது. எச்சில்கூட உள்ளே இறங்கவில்லை என்றானபின், வயிற்றில் துளையிட்டு நேரே இரைப்பைக்கு ஒரு குழாய் வைத்தார்கள்.

"இனி வாய்ருசின்னு ஒண்ணும் கிடையாதும்மா. எதையும் நல்லா வடிகட்டி இதுவழியா ஊத்தணும்" என்றார் டாக்டர்.

அவன் மனைவி பூரணம் அழுதாள். அந்த அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒரு நிம்மதியும் வந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், "எங்க மதினி கைப்பக்குவம் வராது" என்று சொல்லாமல் அவள் குழம்பை அவன் தின்றதே இல்லை. இனி அந்தப் பேச்சுக்கு வேலையில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த மதினி, அவனுடைய அண்ணன் மனைவி செண்பகம், பிளாஸ்க்கோடு வந்தாள்.

"கொழுந்தனுக்கு அயிரமீன் சாறு. மூணுதரம் வடிகட்டிட்டேன்."

"இப்பதான் கஞ்சி ஊத்தப்போறேன்க்கா. அங்கன வைங்க."

செண்பகம் அதைக் கட்டிலில் அவன் கைப்பக்கம் வைத்துவிட்டு, நர்ஸிடம் பேசப் போனாள். பூரணம் குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி உயர்த்திப் பிடித்து, கஞ்சியைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினாள்.

"சூடு சரியா இருக்கா?"

பாதிக் கஞ்சி இறங்கியிருந்தபோது அவன் பிளாஸ்க்கை எடுத்து, மூடியைத் திருகித் திறந்தான். முகத்தருகே பிடித்து, கண்களை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். வற்றிப்போன அவன் கன்னத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

பூரணம் குழாயை இரண்டு விரலால் மடித்து இறுக்கிப் பிடித்தாள். கஞ்சி நின்றது.

வாசம் பிடித்துக்கொண்டிருந்த அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.