தங்கை கொடுத்த வேகம்

வானத்தின் ஒரு மூலையில், அண்ணனும் தங்கையுமாக இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி வந்தன.

ஒருநாள் அண்ணன் வெடித்துச் சிதறினான். மிஞ்சியது ஓர் ஊர் அளவுக்கு ஓர் உருண்டைதான். முதலில் விறுவிறுவென்று சுழன்றவன், நாளாக நாளாகச் சோர்ந்துபோனான். அவனிடமிருந்து கற்றையாகப் பாய்ந்த வெளிச்சமும் அணைந்துவிட்டது. ஒரு தடவை திரும்பவே பத்து விநாடி ஆயிற்று. அவன் முகம் தன் பக்கம் வரும்போதெல்லாம் தங்கை ஏதாவது பேசுவாள். அவனும் முழுசாகக் கேட்பான்.

"முடியலம்மா. இப்படியே நின்னுடுவேன் போல," என்றான் ஒருநாள்.

வயதாகித் தங்கைக்கு உடம்பு உப்பியிருந்தது. "எங்கிட்டதான் நிறைய இருக்கேண்ணா, எடுத்துக்கோ," என்று தன் உடம்பை அவன்மேல் வழியவிட்டாள். அது விழ விழ அவன் வேகம் ஏறியது. கடைசியில் விநாடிக்கு அறுநூறு சுற்று. அணைந்த வெளிச்சம் மறுபடி பீறிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அது தங்கையைத் தொட்டது. தொட்ட இடமெல்லாம் ஆவியாகிப் போனது.

தங்கை சின்னஞ்சிறு கட்டியாகச் சுருங்கிவிட்டாள். "அண்ணா, பழையபடி ஒரே ஒரு தடவை மெதுவாத் திரும்பேன்," என்று கேட்டாள்.

"நீ குடுத்த வேகம்தாம்மா. எனக்கு நிறுத்தத் தெரியலையே," என்று அழுதான் அண்ணன்.

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் ஆயிரம் தடவை சுழன்றிருந்தான். ஆயிரம் தடவையும் அந்த வெளிச்சம் அவள்மேல் பட்டது.