விரல் மறைத்த படங்கள்

பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையில் போட, அம்மா தனியாக இருக்கும் படம் ஒன்று வேண்டும் என்று மகள் சுடர்க்கொடி கேட்டிருந்தாள். குழந்தைவேலு தன் செல்போனில் இருந்த நாலாயிரம் படங்களையும் பார்த்து முடித்தார். மனைவி தவமணி ஒன்றில்கூட இல்லை. எடுத்தவளே அவள்தானே. கோயில் வாசலில், யாரோ வீட்டுக் கல்யாணத்தில், புது ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் என்று எல்லாவற்றிலும் அவர்தான் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"ஆதார் கார்டுல இருக்கிறதையே போட்டுக்கோம்மா."

"சரிப்பா. அப்படியே அந்த விரல் மறைச்ச படத்தையெல்லாம் அழிச்சிடுங்க. போன்ல எடமே இல்லைன்னீங்களே," என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குள் போனாள்.

அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். படத்தின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு மங்கல். 'வெரல எடுடி' என்று எத்தனை தடவை கத்தியிருப்பார். ஒன்றில் அது மஞ்சளாக இருந்தது. மஞ்சள் அரைத்த கையோடு வந்திருப்பாள். இன்னொன்றில் வெள்ளையாக இருந்தது. வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கொண்டு துணி சுற்றியிருந்த வாரம் அது. அதில் அவர் முகம் பாதி மறைந்திருந்தது. அவருக்கு அழுகை வரவில்லை. பசிக்கவும் இல்லை.

'அழிக்க வேண்டிய படத்தை அழுத்திப் பிடிக்கவும்' என்றது திரை. அவர் தன் கட்டைவிரலை அந்த வெள்ளை விரலின் மேல் வைத்து அழுத்தினார்.

அடுப்பில் பால் பொங்கி அடங்கியது.

"முடிஞ்சுதாப்பா?" என்றாள் சுடர்க்கொடி உள்ளேயிருந்து.

"இல்லம்மா," என்றார். "இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."